பழைய வழக்கோடு எல்லை தாண்டலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: 2014-ல் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாக ஒரு வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டேன். வேறு வழக்கு இல்லை. கனடாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக முடியுமா?

பதில்: வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அதே செயலைக் கனடாவில் செய்திருந்தால் என்ன தண்டனை என்பதைத்தான் அந்நாட்டு அதிகாரி பார்ப்பார். குடித்துவிட்டு ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை அங்கே 5 ஆண்டுச் சிறையாக இருந்தது. 2018 டிசம்பர் 18 முதல் 10 ஆண்டு. உங்கள் வழக்கு அதற்கு முந்தையது, அதனால் பழைய 5 ஆண்டுக் கணக்கே பொருந்தும். ஒரே குற்றம், யாருக்கும் காயமில்லை, சொத்துக்குப் பெரிய சேதமில்லை, தண்டனை முடிந்து 10 ஆண்டும் ஆகிவிட்டது என்றால் விண்ணப்பம் போடாமலே திருந்தியவராகக் கருதப்படலாம்.

பலர் தவறுவது இந்தப் பத்தாண்டுக் கணக்கில்தான். தீர்ப்புத் தேதியிலிருந்து எண்ணக் கூடாது. அபராதத்தைத் தவணையில் கட்டியிருந்தால் கடைசித் தவணை கட்டிய நாள். லைசென்ஸுக்குத் தடை விதித்திருந்தால் தடை முடிந்த நாள். தடை 2017 வரை நீடித்திருந்தால் 2027 வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே போக வேண்டுமானால், தண்டனை முடிந்து 5 ஆண்டு ஆனவர்கள் திருந்தியவர் என ஏற்கும் 'கிரிமினல் ரீஹாபிலிடேஷன்' கேட்டு விண்ணப்பிக்கலாம். முடிவு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அவசரப் பயணத்துக்குத் தற்காலிக அனுமதி என்ற வழியும் உண்டு. தருவதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு.

எப்படியானாலும் தீர்ப்பு நகல், அபராத ரசீது, தண்டித்த சட்டப்பிரிவின் வாசகம் மூன்றையும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்புடன் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்பிரிவு இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அதிகாரிக்கு வழியில்லை.

கேள்வி: இளம் வயதில் கடைத் திருட்டு வழக்கில் கைதானேன். பிறகு நீதிமன்றம் பதிவை நீக்கிவிட்டது. அமெரிக்க விசா படிவத்தில் 'இல்லை' என்று போடலாமா?

பதில்: போடவே கூடாது. டிஎஸ்-160 படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. கைதானதுண்டா என்றும் கேட்கிறது. மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லச் சொல்கிறது. 'ஆம்' என்று குறித்து, நடந்ததை இரண்டு மூன்று வரியில் எழுதுங்கள்.

அந்த 'ஆம்' உங்கள் பயணத்தை முடித்துவிடாது. திருட்டு அங்கே விசாவைத் தடுக்கும் ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றமாக எண்ணப்பட்டாலும் சிறு குற்றத்துக்கு விலக்கு இருக்கிறது: அத்தகைய குற்றம் ஒன்றே ஒன்று, அதற்கான உச்சத் தண்டனை ஓராண்டுக்கு மேல் இல்லை, விதித்த தண்டனையும் 6 மாதத்துக்கு மேல் இல்லை. நிறுத்திவைத்த சிறைத் தண்டனையும் இந்த 6 மாதக் கணக்கில் சேரும். சிறைக்கே போகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். போதைப்பொருள் வழக்குக்கு இந்த விலக்கு கிடையாது.

விலக்கில் அடங்காதவர்கள் தடையைத் தளர்த்தும் தள்ளுபடி அனுமதியை நேர்காணலில் கேட்கலாம். அனுமதித்தால் சமூகத்துக்குத் தீங்கு நேரும் ஆபத்து எவ்வளவு, பழைய குற்றம் எத்தனை கடுமையானது, எதற்காக வருகிறார் என்ற மூன்றையும் எடைபோடுவார்கள். மாதக்கணக்கில் ஆகும், டிக்கெட்டை முன்னதாக எடுக்காதீர்கள்.

மறைத்துப் பிடிபட்டால் நிலைமை வேறு. முக்கியமான தகவலில் வேண்டுமென்றே பொய் சொன்னதாக அதிகாரி முடிவு செய்தால் அதுவே ஆயுள்காலத் தடை. கடைத் திருட்டு மன்னிக்கப்பட்டிருக்கும்; பொய்க்கு ஒவ்வொரு முறை விசா கேட்கும்போதும் தள்ளுபடி கேட்டு நிற்க வேண்டிவரும். தயவுசெய்து ஏஜென்ட் சொன்னார் என்று 'இல்லை' போடாதீர்கள். கையெழுத்து உங்களுடையது.

கேள்வி: அமெரிக்காவில் தங்கவில்லை, விமானம் மட்டும் மாறுகிறேன். அப்போதும் பழைய வழக்கு குறுக்கே வருமா?

பதில்: வரும். அங்கே வேறு நாட்டுக்கு விமானம் மாறுபவரும் குடிவரவுச் சோதனையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். விசாவோ முன்அனுமதியோ வேண்டும். குடிவரவைத் தொடாமல் விமானம் மாற விடும் நாடு வழியாக டிக்கெட் எடுங்கள். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் பெட்டியை எடுத்து மறுபடி போட வெளியே வர வேண்டியிருக்கும், அங்கே குடிவரவு வந்துவிடும்.