தாலுகா நிருபர் வேலையில் சேரலாமா? மனசு தாங்குமா?

கேள்வி கேட்டிருப்பவர் இதழியல் படித்து முடித்தவர். சொந்த ஊரிலேயே ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக வரச் சொல்லியிருக்கிறார்கள். சாவும் விபத்துமாகத் தினமும் பார்த்தால் மனசு என்ன ஆகும் என்று கேட்கிறார். டெல்டாவில் 2004 ஜூன் மாதத்திலிருந்து இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் பெயரும் பேப்பரின் பெயரும் வேண்டாம், இன்னும் அங்கேதான் சாப்பாடு.

பிணத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். நான் சேர்ந்த ஆறாவது மாதம் சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஆள் போதவில்லை என்று என்னையும் அக்கரைப்பேட்டைக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு அழுகை வரவில்லை. எத்தனை பேர், எந்தத் தெரு, யார் சொன்னது என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். கைக்கு வேலை இருந்தவரை மனசு சும்மா கிடந்தது. பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மீன் குழம்பு. தட்டை நகர்த்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போனவன் இருட்டும்வரை உள்ளே வரவில்லை. அதோடு சரி. அந்த மாதிரி அடி எப்படியோ ஆறிவிடுகிறது, அதில் நம் தப்பு எதுவும் இல்லை.

ஆறாதது வேறு வகை. சென்னையிலிருந்து வருகிற நிருபர் எழுதிவிட்டு ராத்திரி பஸ் ஏறிவிடுவார். நாம் யாரைப் பற்றி எழுதினோமோ அவருக்குப் பக்கத்தில் நின்றுதான் மறுநாள் டீ குடிக்க வேண்டும். ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று ஒருமுறை எழுதினேன். விற்பனையாளர் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதற்கப்புறம் ஆறு மாதம் எங்கள் கார்டுக்கு மட்டும் அரிசி கிராம் பிசகாமல் விழுந்தது. "சரியா இருக்கா மாப்ள, முள்ள நல்லா பாத்துக்குங்க" என்பார், வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. அந்த ஆறு மாதமும் வீட்டில் எனக்கு விழுந்த பேச்சை எழுதினால் தனிப் பதிலாகிவிடும்.

சந்தோஷமும் அதே ஊருக்குள்தான் கிடைக்கும். நாம் எழுதியதால் ஒரு குறை தீர்ந்தால் 'செய்தி எதிரொலி' என்று பெட்டி கட்டிப் போடுவார்களே, அந்தப் பெட்டிக்காகத்தான் எங்களில் பாதிப்பேர் இன்னும் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு ஐப்பசி மழையில், சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத ஒரு தெருக்காரர்கள் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர். வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் முன்னால் ஒருவர் கழியால் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். படம் மாவட்டப் பக்கத்தில் நாலு பத்திக்கு வந்தது. மூன்றாம் நாள் தாசில்தாரும் பிடிஓவும் வந்து அளந்தார்கள். அடுத்த மழைக்குள் கப்பி ரோடு. அந்தத் தெருவில் ஒரு ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "ரோடு வந்துட்டு தம்பி, இனிமே நிம்மதியா சாவலாம்." ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாடை தண்ணீருக்குள் இறங்கிய நொடியில் எனக்கு முதலில் தோன்றியது, 'வெளிச்சம் இருக்கு, படம் நல்லா வரும்' என்பதுதான். பாடையில் கிடந்தவர் எங்கள் வீட்டுக் கூரை வேய்ந்தவர்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. எனக்கு மாதச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வருகிற செய்திக்கு ஏற்றபடி ஒரு தொகை, பேப்பர் ஏஜென்சியில் கொஞ்சம், விளம்பரத்தில் கமிஷன். இதில் ஆளைத் தின்பது விளம்பரம். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகிறார்கள் என்று புரட்டாசியில் எழுதியிருப்போம். ஐப்பசியில் அதே தாளாளர் அறைக்கு வெளியே தீபாவளி வாழ்த்து விளம்பரத்துக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருப்போம். அவர் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் உட்கார வைப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் அடுத்த செய்தியை எப்படி மெதுவாக எழுதலாம் என்று மனசு தானாகவே ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிடும். யாரும் மிரட்டவே வேண்டியதில்லை. 2021 மே மாதம் பத்திரிகையாளர்களையும் முன்களப் பணியாளர்கள் என்று அரசு அறிவித்தபோது என் மனைவி கேட்டாள்: "நீங்க பத்திரிகையாளரா, பேப்பர் ஏஜென்டா? எதுல வருவீங்க?" இன்றுவரை பதில் சொல்லவில்லை.

ஆகவே, சேருவதாக இருந்தால் இரண்டு விஷயம். விளம்பரத்துக்கு இலக்கு உண்டா, எவ்வளவு என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இழவு வீட்டில் போட்டோ வாங்க நேர்ந்தால் அங்கேயே போனில் படம் பிடித்துக்கொண்டு, கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இது ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் டூ ரிசல்ட் நாள் எங்களுக்கு ஒரு திருவிழா மாதிரி. 2017-ல் ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தும்வரை அந்த வெறி இருந்தது. மாவட்டத்தில் முதலிடம் யார் என்று தெரிந்ததும் ஓடிப்போய், அம்மாவும் அப்பாவும் இரண்டு பக்கமும் நின்று லட்டு ஊட்டுகிற படத்தை எடுத்தாக வேண்டும். 2006-ல் என் தாலுகாவில் ஒரு பெண்ணுக்கு அந்த இடம் கிடைத்தது. அவளுடைய அப்பா கூலிக்காரர், லட்டு வாங்கி வைக்கவில்லை. பக்கத்து மளிகைக் கடையில் கடலை மிட்டாய் வாங்கி ஊட்டச் சொல்லி எடுத்தேன். நான் பத்திரிகைக்கு வந்ததே இதற்குத்தான் என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். மூன்று மணிக்கு ஜிஎச்சிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ஒரு பாடத்தில் தோற்ற பையன், உயிரோடு இல்லை.

2019-ல் பிரஸ் கவுன்சில் தற்கொலைச் செய்திகளுக்கு வழிமுறை கொண்டுவந்தது. பெரிதாகப் போடக் கூடாது, எப்படி என்று விவரிக்கக் கூடாது, படம் கூடாது. இப்போது செய்திக்குக் கீழே 104 உதவி எண்ணையும் சேர்க்கிறோம். ஆனால் 2006-ல் அன்றைக்கு ஆபீசிலிருந்து எனக்கு வந்தது ஒரே கேள்விதான்: "பொண்ணு போட்டோ வந்துட்டு, பையன் போட்டோ எங்க?"

பையனின் அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். வீட்டில் அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் சித்தி உள்ளே போய், பரீட்சைக்கு எடுத்ததில் மிச்சமிருந்த பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். "ரெண்டு நாள்ல கொண்டாந்து குடுத்துடறேங்க" என்றேன். பிரவுசிங் சென்டரில் கரண்ட் இல்லை. அதனால் ஸ்கேன் பண்ணாமல், செய்தியோடு கவரில் போட்டு ஐந்தரை மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன், அப்போதெல்லாம் அப்படித்தான். மறுநாள் ஒரே பக்கத்தில் மேலே கடலை மிட்டாய், கீழே அவன். ஒரிஜினல் திரும்பி வரவில்லை. ஒரு வாரம் போன் பண்ணிக் கேட்டேன், அப்புறம் கேட்கவில்லை. என் வண்டி பஞ்சரானால் அந்தக் கடையைத் தாண்டித் தெற்கு வீதி வரைக்கும் தள்ளிக்கொண்டு போவேன். பன்னிரண்டு வருஷம் போனேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தது. எங்கள் வீட்டு ஓடும் போயிற்று. டவர் இல்லை, கரண்ட் இல்லை. விழுந்த மரங்களுக்கு நடுவே மாவட்டத் தலைநகர் வரை பைக்கில் போய்ச் செய்தி கொடுத்துவிட்டுத் திரும்புவேன். தென்னைக்கு நிவாரணம் 1,100 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது, மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. அதைச் சொன்னபோது ஒரு தோப்புக்காரர், "போட்டோ புடிச்சது போதும், கிளம்புங்க" என்றார். நியாயமான கோபம்தான். மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் சேதமான கடைகளை எண்ணிக்கொண்டு வந்தபோது அந்தக் கடை வந்துவிட்டது. தகரம் பறந்து, கம்பி மட்டும் நின்றது. அவர் டயர்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். பெயர் கேட்க வேண்டியிருக்கவில்லை, எழுதிக்கொண்டேன்.

"நீதானே தம்பி அந்தப் போட்டோவ வாங்கிட்டுப் போனது" என்றார். குரலில் கோபம் இல்லை. "அது ஒண்ணுதான் இருந்துச்சு."

மாவட்ட ஆபீஸ் இதற்குள் கட்டடமே மாறிவிட்டது. பழைய அட்டைப்பெட்டிகளை இரண்டு நாள் கிளறினேன், கிடைக்கவில்லை. 2006-ல் வந்த பேப்பர்களைக் கட்டி வைத்த பைல் மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்தை ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போய், அவன் முகத்தை மட்டும் பிரிக்கச் சொன்னேன். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக வந்தது. கொஞ்சம் சிறிதாக்கியதும் கண்ணும் நெற்றித் திருநீறும் தெரிந்தன.

கொண்டுபோய்க் கொடுத்தேன். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"சேதியெல்லாம் இல்லாம எடுத்திருக்கியா?"

"ஆமாண்ணே."

சைக்கிளோடு ஒரு சிறுவன் நின்றுகொண்டிருந்தான். படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, டியூபை எடுத்துத் தண்ணீரில் அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்தார்.