பேய் நடமாட்டம் இருப்பதாகச் சொல்லும் ஒரு வீட்டுக்கு முதன்முறையாக ஆய்வுக்குப் போகிறோம். வீட்டாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

கேட்டவர் தந்த விவரம்: நண்பர்கள் நான்கு பேர் பொழுதுபோக்காக அமானுஷ்ய ஆய்வுக் குழு தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை ஆளில்லாத பழைய கட்டடங்களுக்குத்தான் போயிருக்கிறார்கள். இப்போது இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பம் தங்கள் வீட்டைப் பார்க்கச் சொல்லி அழைத்திருக்கிறது. என்ன கருவி கொண்டுபோவது, பணம் வாங்கலாமா, வீடியோ வெளியிடலாமா என்று கேட்கிறார்.

ஆய்வு முடிந்ததும் நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அந்தக் குடும்பம் அதே அறையில் படுத்துத் தூங்கியாக வேண்டும். "இந்த மூலையில் ஏதோ இருக்கிறது" என்று உங்களில் ஒருவர் போகிறபோக்கில் சொன்னால், அந்த மூலையைக் கடக்க அந்த வீட்டுக் குழந்தை மாதக்கணக்கில் பயப்படும். ஆளில்லாக் கட்டடத்தில் இந்தப் பொறுப்பு கிடையாது. கருவிகளைவிட இதைப் பற்றித்தான் நீங்கள் நால்வரும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும்.

வேலை போனிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் அழைப்புக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். "உருவம் தெரிந்ததா? ஆணா, பெண்ணா?" என்று கேட்காதீர்கள், கேள்வியே பதிலை ஊட்டிவிடும். "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதன்பிறகு விவரம் கேளுங்கள்: எந்த அறை, எத்தனை மணி, யார் யார் இருந்தார்கள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள், விளக்கு எரிந்ததா, இது தொடங்கிய காலத்தில் வீட்டில் என்ன மாறியது. பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசுங்கள். ஒரே மேசையில் உட்கார வைத்துக் கேட்டால் மூவர் சொல்வதும் ஒரே கதையாக உருண்டுவிடும்; பிறகு பிரித்தெடுக்க முடியாது.

இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுதச் சொல்வது பல குழுக்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஏற்கெனவே தூக்கம் கெட்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிடுகிறவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். எழுதுவதற்காகவே அவர் காதைத் தீட்டிக்கொண்டு விழித்திருப்பார். வீட்டில் யார் கொஞ்சம் நிதானமாக இருக்கிறாரோ அவர் எழுதட்டும்.

அதே அழைப்பில் கட்டாயம் கேட்க வேண்டியது தலைவலி, குமட்டல், மயக்கம், காரணமில்லாத சோர்வு பற்றி. வீட்டை விட்டு வெளியே போனால் இவை குறைகின்றனவா? வளர்ப்புப் பிராணிகளும் சோர்ந்து கிடக்கின்றனவா? கேஸ் ஹீட்டர், பாய்லர், அடுப்பு, ஜெனரேட்டர் என்று எரிபொருள் எரிகிற சாதனம் எது எங்கே இருக்கிறது? கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. 1921-இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வில்லியம் வில்மர் என்ற மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வெளியிட்டார். காலடிச் சத்தம், உருவங்கள், தலைவலி, வாடிப்போன செடிகள் என்று அவர்களைப் படுத்தியதெல்லாம் வீட்டைச் சூடாக்கும் பழுதான உலையிலிருந்து கசிந்த வாயுவின் வேலை. ஆகவே, வெளியே போனால் குறைகிற தலைவலி என்று கேட்ட நிமிடமே ஆய்வுத் தேதி பேசுவதை நிறுத்துங்கள். அந்தச் சாதனங்களை அணைத்துவிட்டு எல்லாரும் உடனே வெளியேறி, அவசர உதவியை அழைக்கச் சொல்லுங்கள். தகுதியுள்ள தொழில்நுட்பர் பார்த்த பிறகே அவர்கள் உள்ளே போக வேண்டும். நீங்கள் போய்ப் பார்க்கும்வரை காத்திருக்கும் விஷயம் இல்லை இது.

அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் எண் காட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். ஐரோப்பியத் தரத்தின்படி 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு) அளவில் அலாரம் ஒலிக்க 60 முதல் 90 நிமிடம் ஆகும். 300 பிபிஎம் என்றால் 3 நிமிடத்துக்குள் ஒலிக்கும். பத்து நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு "வாயு எதுவும் இல்லை" என்று வீட்டாரிடம் சொல்வது ஆபத்தான பொய்.

படுக்கையில் நெஞ்சை அழுத்துவது, கை கால் அசையாமல் போவது, அறையில் யாரோ நிற்பது: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் தூக்க முடக்கம். நம் மொழியில் இதற்கு அமுக்குவான் என்று பெயரே இருக்கிறது. கனவு வரும் உறக்கக் கட்டத்தில் உடல் தசைகளை மூளை முடக்கி வைக்கும். அந்தப் பூட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும்போதே கனவும் ஓடும். தூக்கக் குறைவும் மல்லாந்து படுப்பதும் இதை அதிகமாக்கும். இதை எடுத்துச் சொல்வதே சிலருக்குப் பாதி நிவாரணம். "உங்களுக்கு இந்த வியாதி" என்று தீர்ப்புச் சொல்லாமல், "இப்படி ஒன்று உண்டு, மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்" என்ற அளவில் நிறுத்துங்கள்.

அடுத்து எழுத்துப்பூர்வ ஒப்புதல். வாடகை வீடு என்றால் குடியிருப்பவரின் ஒப்புதலோடு, ஒப்பந்தத்தில் தடை ஏதும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். கணவர் அழைத்து மனைவிக்கு விருப்பமில்லை என்றால் போகாதீர்கள்; மாறி இருந்தாலும் அப்படியே. எந்த அறைகளுக்குள் போவீர்கள், எதைப் பதிவு செய்வீர்கள், யார் கேட்பார்கள், எத்தனை நாள் வைத்திருந்து அழிப்பீர்கள் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். எந்த நிமிடத்திலும் காரணம் சொல்லாமல் நிறுத்தச் சொல்லலாம் என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். வெளியீட்டுக்கான அனுமதியை இதில் சேர்க்காதீர்கள். அதற்கு வேறு தாள், வேறு நாள். பயத்தில் இருப்பவர் முதல் நாளில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார்.

குழந்தைகள் ஆய்வு இரவில் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. உறவினர் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றால் பகலில் மட்டும் செய்யுங்கள். குழந்தையிடம் நீங்கள் கேள்வி கேட்கவே வேண்டாம். பெற்றோர் சொல்வது போதும். படுக்கையறை, குளியலறை எதிலும் உங்களில் ஒருவர் தனியாகப் போகக் கூடாது, எப்போதும் இருவர். வீட்டார் ஒருவருடன் உங்களில் ஒருவர் மட்டும் தனித்திருக்கவும் கூடாது. இது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

முதல் வருகை பகலில் இருக்கட்டும், ஒரு மீட்டரும் எடுக்காமல். கதவு தானாகத் திறக்கிறது என்றால் ரசமட்டத்தைக் கீல் பக்கத்துச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். சட்டம் சாய்ந்திருந்தால் கதவு நகரத்தான் செய்யும். வேறொரு அறைக் கதவை வேகமாகச் சாத்தினால் இந்தக் கதவு அசைகிறதா? மெல்லிய தாள் கீற்றை இடுக்குகளில் பிடித்தால் காற்றோட்டம் தெரியும். தண்ணீர்க் குழாயைச் சட்டென மூடினால் சுவருக்குள் 'டக்' என்று அடிக்கிறதா? சுடுநீர்க் குழாய் ஆறும்போது சுருங்கி ஒலி எழுப்புகிறதா? மேற்கூரையில் எலி, அணில் எச்சம் இருக்கிறதா? இரவு முழுவதும் காமிரா வைப்பதைவிட இந்த இரண்டு மணி நேரம் அதிகம் சொல்லும்.

கருவிகளில் ஏமாறுவதற்கு ஏகப்பட்ட வழிகள் உண்டு. பேய் ஆய்வாளர்கள் அதிகம் வைத்திருக்கும் கே-டூ மீட்டர் மின்காந்தப் புலத்தை ஒரே அச்சில் அளப்பது. கையைத் திருப்பினாலே விளக்கு மாறும். பக்கத்தில் செல்பேசி சிக்னல் தேடினாலும் மின்னும். எல்லாருடைய போனையும் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, மெயின் ஸ்விட்ச் பெட்டி, ஃபிரிட்ஜ், சுவருக்குள் போகும் வயர் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்த பிறகே அளவெடுங்கள். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி காற்றின் வெப்பத்தை அளக்காது, எதிரிலுள்ள பரப்பின் வெப்பத்தைத்தான் காட்டும். 12:1 விகிதக் கருவி (தூரம் 12 என்றால் அளக்கும் வட்டம் 1) 3 மீட்டர் தூரத்தில் 25 செ.மீ. வட்டத்தின் சராசரியைச் சொல்லும். கண்ணாடியை நோக்கினால் எதிரொளிப்பை அளக்கும். "குளிர்ந்த இடம்" என்று வீட்டார் சொன்னால், நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் வெப்பப் பதிவியை அந்த இடத்திலும் பக்கத்து அறையிலும் வீட்டுக்கு வெளியேயும் ஒரு முழு நாள் வையுங்கள். ஃபிளாஷ் படத்தில் தெரியும் ஒளி உருண்டைகள் லென்ஸுக்கு அருகே மிதக்கும் தூசி. அதை வீட்டாரிடம் காட்டவே காட்டாதீர்கள்.

1998-இல் விக் டாண்டியும் டோனி லாரன்ஸும் எழுதிய கட்டுரையில், ஓர் ஆய்வகத்தில் தோன்றிய சாம்பல் நிற உருவத்துக்கும் பதற்றத்துக்கும் ஒரு மின்விசிறியால் உண்டான ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் நிலை அலை, அதாவது காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி (அகவொலி) அறைக்குள் நின்று அதிர்வது, காரணம் என்று கருதினார்கள். விசிறியைச் சரிசெய்ததும் அது போயிற்று. அதை நிரூபணமான பொது விதியாக எடுத்துக்கொண்டு எல்லா வீட்டிலும் "இது அகவொலி" என்று சொல்லிவிடாதீர்கள். அவசர விளக்கமும் அவசரப் பேயும் ஒரே தவறுதான்.

ஒலிப்பதிவுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். பதிவின்போது இருமல், வயிற்றுச் சத்தம், நாற்காலி முனகல் என எது எழுந்தாலும் உடனே குரல் கொடுத்துக் குறியுங்கள். கிசுகிசுக்காமல் முழுக்குரலில் பேசுங்கள். பிறகு சந்தேகத் துண்டை, அன்று வராத மூன்று பேரிடம் தனித்தனியே, எந்தக் குறிப்பும் இல்லாமல் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். மூவரும் மூன்று எழுதினால் அது குரல் கிடையாது. "'போ' என்கிறது, கேளுங்கள்" என்று முன்கூட்டியே சொன்னால் எல்லாருக்கும் 'போ' கேட்கும்; மூளை அப்படித்தான். வானொலி அலைவரிசைகளைத் தாவித் தாவி ஒலிக்கும் ஆவிப்பெட்டியை, குடும்பம் வாழும் வீட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதிலிருந்து அறுந்து விழும் சொற்கள் ஏதாவது ஒரு பொருளைத் தந்தே தீரும். அந்தப் பொருளோடு வாழ வேண்டியது வீட்டார். ஆவியைச் சீண்டுவது, சவால் விடுவது, ஆவியை அழைக்கும் எழுத்துப் பலகை (ஊய்ஜா) வைப்பது இவற்றுக்கும் இதே தடை.

வீட்டுக்குள் பேசும் மொழியை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். "இங்கே ஒரு பெண்ணின் ஆவி", "கெட்ட சக்தி" போன்ற சொற்கள் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. குழுவில் ஒருவருக்கு உள்ளுணர்வில் ஏதாவது தோன்றினால் தாளில் எழுதி மடித்து வைக்கட்டும். வீட்டார் வற்புறுத்திக் கேட்டால், "பதிவுகளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டோம், 14 நாளில் எழுதித் தருகிறோம்" என்பது போதும். அவர்கள் பார்த்ததை மறுக்கவும் வேண்டாம், உறுதி செய்யவும் வேண்டாம். "நீங்கள் பார்த்தது உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது என்று புரிகிறது" என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் உண்மை.

துக்கத்தில் இருப்பவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். 1971-இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரிடம் பேசினார். ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தோ, கண்டோ, கேட்டோ இருந்தார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இது நோய் இல்லை, பலருக்கு ஆறுதலும்கூட. அப்படிப்பட்டவரிடம் "அவரோடு பேச வைக்கிறோம்" என்று சொல்வது கொடுமை. "எல்லாம் பிரமை" என்று சொல்வதும் அதில் பாதிக் கொடுமை.

குரல் கட்டளையிடுகிறது, உணவில் எதையோ கலக்கிறார்கள், சாகத் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால் ஆய்வு அங்கேயே நிற்க வேண்டும். மருத்துவரையும் நெருங்கிய உறவினரையும் அழைக்க உதவுங்கள். உயிராபத்து என்றால் அவசர எண், அவரைத் தனியே விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். குழந்தையோ பெண்ணோ அடிபடுவதாகத் தெரிந்தாலும் நீங்கள் நேரடியாக மோதாமல், அதற்கான அமைப்புக்குத் தெரிவியுங்கள். இந்த விதிவிலக்கை ஒப்புதல் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். மருந்தை நிறுத்து, குறை என்ற பேச்சை யார் எடுத்தாலும் உடனே மறுத்துச் சொல்லுங்கள். ஜெர்மனியில் அன்னெலீஸ் மிக்கேல் என்ற வலிப்பு நோயுள்ள இளம்பெண், 67 பேயோட்டும் அமர்வுகளுக்குப் பிறகு 1976-இல் பட்டினியால் இறந்தார். பெற்றோரும் இரு பாதிரியார்களும் 1978-இல் தண்டிக்கப்பட்டார்கள். அவர் மீது அக்கறை இல்லாதவர்கள் யாரும் அந்த அறையில் இருக்கவில்லை.

பணம் வாங்காதீர்கள். நன்கொடை, பரிசு எதுவும் வேண்டாம். காசு வாங்கிவிட்டால் எதையாவது கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும் என்ற அழுத்தம் உங்களை அறியாமலே வந்துவிடும். பயணச் செலவு தாங்காது என்றால் அந்த வீட்டை ஏற்காதீர்கள். வீட்டைச் சுத்திகரிக்கிறோம் என்று எந்தச் சடங்கும் செய்யாதீர்கள். வீட்டார் தங்கள் நம்பிக்கைப்படி எதையாவது செய்ய விரும்பினால் அது அவர்கள் உரிமை.

அறிக்கை 14 நாளைத் தாண்டக் கூடாது. காத்திருக்கும் ஒவ்வொரு இரவும் அவர்களுக்கு நீளம். நான்கு பக்கம் போதும். வீட்டார் சொன்னது, நாங்கள் அளந்தது, இயல்பான விளக்கம் கிடைத்தவை, விளக்கம் கிடைக்காதவை. கடைசிப் பகுதியின் கீழ், "விளக்கம் கிடைக்கவில்லை என்பதற்குப் பேய் என்று பொருள் இல்லை" என்று எழுதுங்கள். தபாலில் அனுப்பாமல் நேரில், பகலில், உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.

வீடியோ வெளியீடு பற்றி அறிக்கை தந்து ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். மறுத்தால் அத்தோடு விடுங்கள். சம்மதித்தாலும் முகப்புத் தோற்றம், கதவு எண், சன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம், குழந்தைகளின் படங்கள், புகைப்படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவல் அனைத்தையும் நீக்க வேண்டும். பேய் வீடு என்று பெயர் வந்துவிட்டால் விற்கவும் முடியாது, வேடிக்கை பார்க்க வருபவர்களைத் தடுக்கவும் முடியாது. வில்மர் எழுதிய அந்தக் குடும்பம் அவருடைய கட்டுரையில் 'ஹெச்' என்ற ஒற்றை எழுத்தாக மட்டுமே இருக்கிறது. அந்த எழுத்தளவுக்கு மேல் நீங்களும் போக வேண்டாம்.

அறிக்கைக்குப் பிறகு இரண்டு வாரத்தில் ஒரு போன், மூன்று மாதத்தில் இன்னொன்று. "ஏதாவது தெரிந்ததா?" என்று ஆரம்பிக்காதீர்கள், "தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். மறுபடி வரச் சொன்னால், புதிதாக அளக்க ஏதாவது இருந்தால் மட்டும் போங்கள். சும்மா போய் உட்கார்ந்தால், நீங்கள் இல்லாத இரவுகளில் அவர்களால் தூங்க முடியாமல் போகும். சொன்ன தேதியில் பதிவுகளை அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று எழுத்தில் தெரிவியுங்கள்.