கணினி கேள்வி பதில்: விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதன் பிறகு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை 'இனி என்ன செய்வது' என்றே கேட்கின்றன. இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

2019-ல் கடையில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். இன்டெல் ஐ5-8400, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. 'விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை' என்று வருகிறது. கடைக்காரர் புதிது வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?
(காரைக்குடி வாசகர்)

வேண்டாம். ஐ5-8400 இன்டெல்லின் 8-ஆம் தலைமுறை. மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியல், ஓரிரு விலக்குகளைத் தவிர, அந்தத் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. (ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு ரைசன் 2000 வரிசையிலிருந்து. ஆனால் நம் ஊர் அசெம்பிள் கணினிகளில் அதிகம் காணப்படும் 2200ஜி, 2400ஜி இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை. பெயர்தான் 2000, உள்ளே இருப்பது முந்தைய வடிவமைப்பு.) உங்கள் சிப் தேறிவிட்டது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ஏதோ அணைந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறங்கள். அதில் 'பயாஸ் மோட்' என்ற வரியில் 'யுஇஎஃப்ஐ' (பயாஸின் புதிய வடிவம்) என்று இருந்தால் வேலை பத்து நிமிடம்தான்: கணினியை மறுபடி தொடங்கி, டெலீட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டியபடி பயாஸுக்குள் போய், இன்டெல் என்றால் 'பிடிடி', ஏஎம்டி என்றால் 'எஃப்டிபிஎம்' என்பதை எனேபிள் செய்யுங்கள். இவைதான் விண்டோஸ் 11 கேட்கும், சிப்புக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்புப் பகுதியான டிபிஎம் 2.0; தனியாக எதையும் வாங்கிச் செருக வேண்டாம். பிறகு நம்பகமான மென்பொருளை மட்டுமே கிளம்ப விடும் செக்யூர் பூட்டையும் எனேபிள் செய்யுங்கள். சில போர்டுகளில் எனேபிள் செய்த பிறகும் 'நாட் ஆக்டிவ்' என்றே நிற்கும். அங்கே 'ரிஸ்டோர் ஃபேக்டரி கீஸ்' என்பதை ஒருமுறை அழுத்தினால் சரியாகும்.

'பயாஸ் மோட்' வரியில் 'லெகசி' (பழைய முறை) என்று இருந்தால்தான் கவனம் வேண்டும். உங்கள் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். யுஇஎஃப்ஐயில் விண்டோஸ் கிளம்ப டிஸ்க் ஜிபிடி முறையில் இருக்க வேண்டும். எனவே முதலில் டிஸ்க்கை மாற்றி, அதன் பிறகே பயாஸைத் தொட வேண்டும். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு 'பூட் டிவைஸ் இல்லை' என்ற கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறுகிறார்கள். அப்படி ஆனாலும் டேட்டா எதுவும் போகவில்லை. பயாஸில், பழைய லெகசி முறையில் கிளம்ப விடும் சிஎஸ்எம்மைத் திரும்ப எனேபிள் செய்தால் பழையபடி கிளம்பும்.

டிஸ்க்கை மாற்ற விண்டோஸிலேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முதலில் 'வேலிடேட்' என்ற சொல்லோடு ஓட்டுங்கள். அது சோதனை மட்டும் செய்யும், எதையும் மாற்றாது. தேறினால் 'கன்வர்ட்' என்று ஓட்டுங்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்வதால், இரண்டிலும் 'அலவ் ஃபுல் ஓஎஸ்' என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகச் சேர்க்க வேண்டும். மூன்று சொற்களுக்கும் முன்னால் சாய்கோடு உண்டு. அந்தச் சொல்லை விட்டுவிட்டால் கருவி ஓட மறுக்கும்.

வேலிடேட் தோற்றால் காரணம் பெரும்பாலும் பார்ட்டிஷன்தான். சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுக்கும் பழக்கம் நம் கடைகளில் உண்டு. பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் ஒன்று இருந்தாலோ இந்தக் கருவி கையை விரித்துவிடும். டி, ஈ இரண்டிலும் இருப்பதை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்'டில் அவற்றை அழித்து (சி-யைத் தொடாதீர்கள், 'சிஸ்டம் ரிசர்வ்ட்' என்பதையும் தொடாதீர்கள்), கன்வர்ட் செய்த பிறகு திரும்ப உருவாக்குங்கள். நகல் என்றால் வேறொரு டிஸ்க்கில். சி-யில் இருப்பதை டி-யில் போட்டு வைப்பது நகல் ஆகாது.

கன்வர்ட் முடிந்ததும் பயாஸில் சிஎஸ்எம்மை டிசேபிள் செய்துவிட்டு, மேலே சொன்ன டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் எனேபிள் செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் இத்தனைக்கும் முன்பே அதை 'சஸ்பெண்ட்' செய்துவிட வேண்டும். இல்லையென்றால் 48 இலக்க ரிக்கவரி கீயைக் கேட்டுக்கொண்டு நிற்கும். இன்னொன்று: பழைய கிராஃபிக்ஸ் கார்டு செருகியிருந்தால் சிஎஸ்எம் அணைந்ததும் திரையே வராமல் போகலாம். ஐ5-8400-க்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

என் லேப்டாப் 6-ஆம் தலைமுறை ஐ3. 'தகுதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஏற்றித் தருகிறேன்' என்கிறார் சர்வீஸ் சென்டர்க்காரர். ஏற்றலாமா?
(திண்டுக்கல் வாசகர்)

ஏற்ற முடியும் என்பது உண்மை. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவ் தயாரிக்கும்போது டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்கிவிடலாம். நிறுவும்போது அவற்றைக் கேட்காது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து சிப்பில் எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இல்லாவிட்டால் விண்டோஸ் கிளம்பவே கிளம்பாது. அதை எந்தக் குறுக்குவழியாலும் தாண்ட முடியாது. ஆனால் உங்கள் ஐ3-யில் அவை இருக்கின்றன. எனவே ஓடும்.

சிக்கல் பிறகு வரும். இப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை. மாதாந்திர அப்டேட் நடைமுறையில் வந்தாலும், ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் பென் டிரைவோடு உட்கார வேண்டும். அதை நீங்களே செய்யத் தெரிந்தவர் என்றால் ஏற்றுங்கள். ஆண்டுதோறும் கடைக்குக் காசு கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

அவசரமும் இல்லை. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் உண்டு. பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல் நவ்' என்ற இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, விண்டோஸ் பேக்கப் மூலம் செட்டிங்ஸைச் சேமித்தால் கட்டணம் கிடையாது.

அந்தக் காலத்துக்குப் பின்னும் லேப்டாப்பை வைத்திருக்க நினைத்தால் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். நிறுவாமலே வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். பிரவுசரும் சினிமாவும் கடிதமும்தான் உங்கள் வேலை என்றால் எங்கள் ஓட்டு அதற்கே. லைசென்ஸ் வாங்காமலே ஓட வைக்கும் 'ஆக்டிவேட்டர்' போட்டுத் தரும் விண்டோஸை மட்டும் வாங்காதீர்கள். அதை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வதே போதுமான எச்சரிக்கை.

இரண்டு முறை முயன்றேன். பாதியில் நின்று, 'முந்தைய பதிப்புக்குத் திரும்புகிறோம்' என்று பழைய விண்டோஸுக்கே வந்துவிடுகிறது. ஏன்?
(நாகர்கோவில் வாசகர்)

பிழை எண்ணைப் பாருங்கள். அதில் 1900101 என்று இருந்தால் டிரைவர் தகராறு. பிரிண்டர், வெளி ஹார்ட் டிஸ்க், ப்ளூடூத் டாங்கிள் என்று செருகியிருப்பவை எல்லாவற்றையும் கழற்றுங்கள். கீபோர்டும் மவுஸும் போதும். தனியாகப் போட்ட ஆன்டிவைரஸை நிறுத்தி வைத்தால் போதாது, அன்இன்ஸ்டால் செய்யுங்கள். 80070070 என்றால் இடம் இல்லை. சி-யில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

சதவீதம் நகரவில்லையே என்று பவர் பட்டனை அழுத்தாதீர்கள். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை வேலை நடக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் மூன்று நான்கு மணி நேரம்கூட ஆகலாம். மின்வெட்டு வரும் நேரத்தைத் தவிருங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்; வீட்டு யுபிஎஸ் பலவும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை.

கடை பில்லிங் ஃபாக்ஸ்புரோவில், டாஸ் காலத்து புரோகிராம். விண்டோஸ் 10, 32 பிட். 11-க்கு மாறலாமா?
(விருதுநகர் வாசகர்)

விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32-லிருந்து 64-க்கு மேலேற்றவும் முடியாது. சி-யை அழித்துப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். (சிப் 64 பிட் என்றால் உங்கள் லைசென்ஸ் செல்லும்.) 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. டாஸைப் போலவே செயல்படும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ், விடாஸ் போன்ற மென்பொருள்களுக்குள் ஓட்டலாம். முதலில் வேறொரு கணினியில் டேட்டா ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து, டாட் மேட்ரிக்ஸில் ஒரு பில் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் தகராறு செய்வது பிரிண்ட்தான். டேட்டா இருக்கும் டிபிஎஃப் கோப்புகளை மட்டும் எடுத்து இண்டெக்ஸ் கோப்புகளை விட்டுவிட்டால் புரோகிராம் திறக்காமல் போகலாம்.

கடையில் வேறு கணினி இருந்தால், பில்லிங் மெஷினை இணையத்திலிருந்து பிரித்து அப்படியே விட்டுவிடுவதும் தப்பில்லை.

புதிதாக நிறுவியதும் பழைய தமிழ்க் கோப்புகள் கோணல்மாணலாகத் தெரிகின்றன.
(தஞ்சாவூர் வாசகர்)

இரண்டு வகை இருக்கும். ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிந்தால் அது பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. பழைய டிஸ்க்கின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து நிறுவினால் தமிழாகிவிடும். தமிழாகத் தெரிந்தும் பக்கம் மாறிப்போயிருந்தால், லதாவிலோ விஜயாவிலோ அடித்த கோப்பு அது. அவை இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய் 'டமில் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேருங்கள்.

மேலேற்றிய பிறகு பிடிக்காவிட்டால்?
(வேலூர் வாசகர்)

பத்து நாட்களுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி, 'கோ பேக்'. அதுவரை பழைய விண்டோஸ் இருக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரை அழிக்காதீர்கள். இடம் பிடிக்கிறதே என்று டிஸ்க் கிளீனப் ஓட்டினால் அதுவும் போய்விடும், திரும்பும் வழியும் போய்விடும்.