மலைமேல் வீடு, நகரத்தில் வேலை: தினமும் போய் வருவது சாத்தியமா?

மலைக் கிராமத்தில் இருக்கும் வீட்டை விட மனமில்லை, நகரத்தில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று கைப்பேசி வரைபடம் காட்டுகிறது, தினமும் போய் வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே நிலையில் ஒன்பது ஆண்டுகளாக இருப்பவன் என்பதால் எழுதுகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் வாரத்தில் ஐந்து நாளும் இறங்கி ஏறினேன். பிறகு மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டேன். முடியும் என்பதே என் பதில். ஆனால் வரைபடம் காட்டும் அந்த ஒன்றரை மணி நேரத்தை நம்பி முடிவெடுத்துவிடாதீர்கள்.

சமவெளியில் ஒரு சாலை அடைபட்டால் பக்கத்துச் சாலையில் திரும்பிப் போய்விடலாம். மலையில் பெரும்பாலும் ஒரே சாலைதான். ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி ஒன்று நின்றுவிட்டால், அதை நகர்த்தும் வரை மேலே இருப்பவர்கள் மேலேயும் கீழே இருப்பவர்கள் கீழேயும் காத்திருக்க வேண்டியதுதான். என் வழி 52 கிலோமீட்டர். அதில் மலைப்பாதை 26. வறண்ட நாளில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவேன். மூடுபனி இறங்கிய காலையில் அதே வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. ஒன்பது மணிக்கு இருக்கையில் இருந்தே ஆக வேண்டிய வேலை என்றால், அந்த மோசமான நாளைக் கணக்கில் வைத்துத்தான் நீங்கள் ஒவ்வொரு நாளும் கிளம்ப வேண்டும். ஆகவே சாலை நன்றாக இருக்கும் நாட்களிலும் அந்தக் கூடுதல் முக்கால் மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அலுவலக வாசலில் சீக்கிரமே வந்து நிற்பீர்கள். வரைபடத்தில் தெரியாத இந்தச் செலவை நான் முதல் ஆண்டு முழுவதும் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

மனிதர்கள் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்குச் செலவிட்டு வந்திருக்கிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். உங்கள் கணக்கு மூன்று மணி நேரம். அதாவது அந்த அளவுக்கு மேல் நாளுக்கு இரண்டு மணி நேரம். ஆண்டுக்கு 230 வேலை நாட்கள் என்று வைத்தால் 460 மணி நேரம், எட்டு மணி நேர வேலை நாட்களாகச் சொன்னால் ஐம்பத்தேழரை நாட்கள். நல்ல வீடோ நல்ல வேலையோ இதை ஈடுகட்டிவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். புரூனோ ஃப்ரே, அலாய்ஸ் ஸ்டட்சர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் திரட்டப்பட்ட தரவுகளை வைத்து இதையே ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். அதிக நேரம் பயணம் செய்பவர்கள் தங்கள் வாழ்க்கையில் குறைவான நிறைவையே கொண்டிருந்தார்கள், அந்த ஈடு கிடைத்ததாகத் தெரியவில்லை என்பதே அவர்கள் கண்டது. இதைச் சொல்வது உங்களைத் தடுப்பதற்காக அல்ல. வீட்டின் அழகைத் தராசின் ஒரு தட்டில் வைக்கும்போது மறுதட்டில் உண்மையான எடையை வைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இனி பாதையைப் பற்றி. ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது இறக்கத்தைப் பற்றி. ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் ஒன்று 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது, அது கைவிடும் ஆற்றல் ஏறத்தாழ நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றின் தடையும் சக்கரங்களின் உராய்வும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் தாங்க வேண்டும் அல்லது பிரேக் தாங்க வேண்டும். காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் வெப்பம் முழுவதும் பிரேக் பட்டைகளிலும் வட்டுகளிலும் தேங்கும், பட்டைகளின் பிடிப்பு குறையும், அதற்கும் மேலே போனால் பிரேக் ஆயிலே கொதிக்கத் தொடங்கிவிடும். டாட் 4 (DOT 4) என்ற தர வகையைச் சேர்ந்த பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்த நிலைக்கு அதே தரவிதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. ஆயில் கொதித்துக் குமிழி உண்டானால், மிதிக்கும் அழுத்தம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

இதை நான் அனுபவித்தே அறிந்தேன். மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, தாமதமாகிவிட்ட பதற்றத்தில், உயர்ந்த கியரிலேயே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். கருகிய வாடை வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்தது. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச் சுவரின் பக்கமாக வண்டியை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினேன். எதிரே யாரும் வரவில்லை என்பதால்தான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து, ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுகிறதோ அதே கியரிலோ அதற்கும் கீழேயோதான் இறங்குகிறேன். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுகிறேன். தானியங்கிக் கியர் வண்டியிலும் தாழ்ந்த கியரில் நிறுத்திவைக்க வழி இருக்கும், அதைப் பழகிக்கொள்ளுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மெக்கானிக்கிடம் நீங்கள் தினமும் மலை இறங்குபவர் என்று சொல்லுங்கள், ஏனென்றால் சமவெளி வண்டிக்குப் பார்ப்பதுபோல் பார்த்தால் போதாது.

மின்சாரக் கார் வாங்கலாமா என்று நினைத்தால், மலைக்கு அது பொருத்தமானதுதான். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து மின்னேற்றத்தையும் திருப்பித் தரும். ஆனால் வீடு மேலே இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: இரவு முழுவதும் வீட்டில் மின்னேற்றி நூறு சதவீதத்துடன் கிளம்பினால், நிரம்பிய பேட்டரியில் புதிய மின்சாரத்துக்கு இடமிருக்காது, மோட்டாரின் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும், நீங்கள் மறுபடியும் சாதாரண பிரேக்கை நம்பியே இறங்க வேண்டியிருக்கும். குளிர்ந்த பேட்டரியும் அப்படித்தான். எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குறுகலான இடத்தில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டால் இறங்குபவர் ஒதுங்கி ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது 1968-ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி எடுப்பது கடினம் என்பதே காரணம். காலை அவசரத்தில் இறங்கும் நம்மைப் போன்றவர்கள்தான் இதை மறப்பவர்கள்.

வானிலை உங்கள் மேலதிகாரியைவிடக் கண்டிப்பானது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது. அதனால் அடிவாரத்தில் வெறும் மழையாக இருப்பது உங்கள் வீட்டருகில் மேகத்துக்குள்ளேயே நடக்கும் மூடுபனியாக இருக்கலாம், இன்னும் உயரமான இடங்களில் சாலைமேல் உறைந்த பனியாகவும் இருக்கலாம். தெளிந்த இரவுகளில் இது தலைகீழாகவும் நடக்கும். குளிர்ந்த கனமான காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கிவிடுவதால், மறுநாள் காலை மேலே வெயில் அடிக்கும்போதே கீழே மூடுபனியில் எதுவும் தெரியாமல் இருக்கும். மூடுபனியில் முகப்பு விளக்கைத் தூக்கிப் போட்டால் பனித்துளிகள் அந்த ஒளியை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். தாழ்த்தியே போட வேண்டும்.

மழையைப் பற்றி இன்னும் ஒன்று. மண்ணுக்குள் இறங்கும் நீர், மண் துகள்களுக்கு இடையே அழுத்தத்தை ஏற்றி அவற்றின் பிடிப்பைத் தளர்த்துவதால்தான் மண்சரிவு நேர்கிறது. நீர் இறங்க நேரம் எடுக்கும் என்பதால் மழை நின்ற பிறகும் மண் சரியலாம். வானம் வெளுத்துவிட்டது என்று உடனே கிளம்பாதீர்கள். சாலையில் நேற்று இல்லாத சிறு கற்கள், சரிவிலிருந்து வடியும் தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சாலை ஓரத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த கம்பம் ஆகியவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அந்த இடத்தில் நிற்காமல் விலகிவிட வேண்டும். நாள்தோறும் போகிறவருக்கு மட்டுமே நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படும். அந்தக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள், பார்த்ததை ஊராருக்கும் சொல்லுங்கள்.

நான்காம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, பாதி வழியில் மண் சரிந்து சாலை மூடப்பட்டது. நான் அடிவாரத்தில், மேலே என் மகளுக்குக் கடும் காய்ச்சல். அடிவாரத்தில் தொடர்பு கிடைத்தது, மேலே கிடைக்கவில்லை. இரவு முழுவதும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். என் மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து அவளுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டு விடியும்வரை பார்த்துக்கொண்டார்கள் என்பது மறுநாள் முற்பகலில் நடந்தே மேலேறிப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் தேறிவிட்டாள். ஆனால் நான் அதுவரை "என் பயணம்", "என் களைப்பு" என்று பேசிக்கொண்டிருந்த ஒன்றில் பாதிச் சுமையை என் மனைவி சொல்லாமல் சுமந்து வந்திருக்கிறார் என்பது அன்றுதான் உறைத்தது. நீங்கள் இல்லாத பன்னிரண்டு மணி நேரத்தில் வீட்டில் ஒருவருக்கு ஆபத்து என்றால் யார் வருவார், எந்த வண்டியில், எவ்வளவு நேரத்தில் என்பதை வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுக்குச் சம்மதமில்லை என்றால் இந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள் என்றே சொல்வேன்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறங்கும்போது காது அடைப்பதற்குக் காரணம், வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதும் நடுக்காதுக்குப் போகும் குழாய் அதற்கேற்ப உடனே திறந்துகொடுக்காததும்தான். எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். கடுமையான சளி பிடித்திருக்கும் நாளில் அதுவும் வலிக்கும். உண்மையான எதிரி தூக்கமின்மை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. காலை நான்கரைக்கு எழுந்தவருக்கு அந்த எல்லை இரவு ஒன்பதரை. அலுவலகத்தில் ஒரு கூட்டம் நீண்டு, ஒன்பது மணிக்கு அடிவாரத்தை அடைந்தால், மிகக் கடினமான 26 கிலோமீட்டரை நான் அந்த நிலையில்தான் ஓட்ட வேண்டும். அந்த நேரங்களில் ஏறாமல் இருக்க, அடிவாரத்தில் என்னைப்போல் இறங்கி வரும் மூவரோடு சேர்ந்து ஓர் அறை எடுத்தோம். மாதத்தில் நான்கைந்து இரவுகள்தான் பயன்படும். ஆனால் அந்த அறை இல்லாமல் ஐந்தாம் ஆண்டைத் தாண்டியிருக்க மாட்டேன்.

அலுவலகத்தில் பேச வேண்டியதை வேலையில் சேர்வதற்கு முன்பே பேசிவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் அது சலுகையாகத் தெரியும். முன்பே கேட்டால் நிபந்தனை. வாரத்தில் எத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம், சாலை மூடிய நாள் விடுப்பாகக் கருதப்படுமா, வருகை நேரத்தில் ஒரு மணி நேரம் முன்பின் அனுமதி உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைந்தபோது என் பயணம் ஐந்தில் இரண்டு பங்குதான் குறைந்தது, களைப்போ பாதிக்கும் மேல் குறைந்தது. அடுத்தடுத்த இரு நாட்கள் இறங்காமல் இருந்தால்தான் உடம்பு தேறுகிறது என்று கண்டுகொண்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் இன்னும் மேலேயே இருக்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். மாலையில் கடைசி வளைவைக் கடந்து கண்ணாடியை இறக்கும்போது காற்று மாறுவது முகத்தில் தெரியும். அந்த நேரத்தில் பகலில் நடந்த எதுவும் என்னோடு வீட்டுக்குள் வருவதில்லை. என் மகள் மரங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காண்கிறாள், என் தாயார் தாம் பிறந்த இடத்திலேயே முதுமையைக் கழிக்கிறார். இவற்றுக்காக நான் கொடுக்கும் நேரம் எனக்குத் தகும். உங்களுக்கும் தகுமா என்பதை ஒரு மாதம் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆண்டின் மிக மோசமான மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். அலுவலக நேரத்துக்கே கிளம்பி, அலுவலக வாசல் வரை போய், மாலை நெரிசலிலேயே திரும்புங்கள். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், இரவு தூங்கிய நேரம் மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். நான்காவது வாரத்தின் பக்கத்தை உங்கள் வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு நிறுவனத்துக்குப் பதில் எழுதுங்கள்.