180 பாகையில் காணாமல் போன மேடு

கேள்வி: கும்பகோணத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். குவார்க்-குளுவான் பிளாஸ்மா (புரோட்டான், நியூட்ரானுக்குள் இருக்கும் குவார்க்குகளும் குளுவான்களும் கட்டவிழ்ந்து கிடக்கும் மிகச் சூடான நிலை) பற்றி புராஜெக்ட். தங்கம்-தங்கம் அணுக்கரு மோதலில் வெளிவரும் துகள்களின் கோண வளைவில் 180 பாகை மேடு இல்லாத படத்தைக் காட்டினேன். “ஒரு மேடு இல்லை என்பதால் பிளாஸ்மா இருந்தது என்று ஆகிவிடுமா?” என்று கைடு கேட்கிறார். வைவாவில் என்ன சொல்வது?

பதில்: கைடு கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் படம் தனியாக நின்றால் போதாது. பக்கத்திலேயே டியூட்ரான் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த சிறு அணுக்கரு)-தங்கம் மோதலின் வளைவையும் போடுங்கள்.

அளந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். 4 முதல் 6 ஜிஇவி (துகள் இயற்பியலின் அலகு) வரை குறுக்கு உந்தம், அதாவது கற்றைக்குக் குறுக்கான உந்தம், உள்ள ஒரு துகளை டிரிக்கராக, அதாவது கோணம் அளக்கும் தொடக்கப் புள்ளியாக வைத்து, 2 ஜிஇவிக்கு மேற்பட்ட மற்ற துகள்கள் அதிலிருந்து எத்தனை பாகை தள்ளி வந்தன என்று எண்ணுகிறார்கள். புரோட்டான்-புரோட்டான் மோதலில் 0 பாகையில் ஒரு மேடு, 180-ல் இன்னொன்று. இரண்டு குவார்க்குகளோ குளுவான்களோ எதிரெதிராகத் தெறித்து ஜெட்டுகளாக (ஒரே திசையில் பாயும் துகள் கொத்துகளாக) வருவதால் அப்படி. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 200 ஜிஇவியில் தங்க அணுக்கருக்கள் நேருக்கு நேர் மோதியபோது, அங்குள்ள ஸ்டார் உணர்கருவிக் குழு கண்டது 0 பாகை மேட்டை மட்டும்தான்.

நடவுக்குச் சேறடித்த வயலில் வரப்பை ஒட்டி நின்று இரண்டு பந்துகளை எதிரெதிராக உதைத்துப் பாருங்கள். வரப்புப் பக்கம் போனது வெளியே வந்துவிடும். வயலுக்குள் போனது சேற்றில் சிக்கிக்கொள்ளும். பந்துகள்தான் ஜெட்டுகள்; சேறுதான் மோதலில் பிறந்த சூடான ஊடகம்.

சரி, தங்க அணுக்கருவுக்குள் முன்கூட்டியே குளுவான்கள் நெருக்கியடித்துக் கிடந்ததால்தான் எதிர் ஜெட் குறைந்தது என்றால்? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் 2003-ல் டியூட்ரானைத் தங்கத்தோடு மோதவிட்டார்கள். அதே தங்கம், ஆனால் பெரிய சூடான ஊடகம் இல்லை. 180 பாகை மேடு அங்கே இருந்தது! ஆக, ஜெட் உருவானது. மோதலுக்குப் பின் பிறந்த ஊடகத்தில்தான் ஆற்றலை இழந்தது. இந்தத் துறையில் இவ்வளவு அழகான ஒப்பீட்டுச் சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

தொலைந்த ஆற்றல் எங்கே என்று அடுத்து கேட்பார்கள். உந்த வரம்பைக் கீழே இறக்கினால், 180 பாகைப் பக்கம் மெதுவான துகள்கள் அகலமாகப் பரவிக் கிடப்பது தெரியும்.

“துகள்களின் கோணங்களுக்கிடையே தொடர்பு இருந்தாலே பிளாஸ்மா” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிறையத் துகள்கள் பிறக்கும் புரோட்டான்-புரோட்டான் மோதல்களிலும் நீண்டதூரத் தொடர்பு (கற்றைத் திசையில் வெகுவாக விலகிப்போன துகள்களுக்கிடையிலான தொடர்பு) இருப்பதை 2010-ல் செர்ன் ஆய்வகத்தின் சிஎம்எஸ் குழு காட்டியது. அதன் காரணம் பற்றிய விவாதம் தனி.

செர்ன் திறந்த தரவை வைத்து நீங்களே வளைவு வரைவதானால், அதை, வெவ்வேறு மோதல்களிலிருந்து எடுத்த துகள் ஜோடிகளின் ஹிஸ்டோகிராமால் (கோணவாரி எண்ணிக்கைப் படத்தால்) வகுத்துவிடுங்கள். இல்லையென்றால் உணர்கருவியின் இடைவெளிகளே மேடு பள்ளமாகத் தெரியும். அப்புறம் நீள்வட்டப் பாய்வை (ஊடகம் எல்லாத் திசையிலும் சமமாக இல்லாமல், எதிரெதிரான இரண்டு பக்கம் கூடுதலாகப் பாய்வதை) கழியுங்கள். அதுவும் 0, 180 இரண்டிலும் மேடு காட்டும்.