பழைய கணினியை வீட்டு ரவுட்டராக மாற்றலாமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை ஃபைபர் இணைப்புக்கு ரவுட்டராக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், ஆனால் செயலியைவிட முதலில் பார்க்க வேண்டியது லேன் போர்ட்டுகளைத்தான். இணையம் உள்ளே வர ஒன்று, வீட்டுக்குள் பிரித்துக் கொடுக்க ஒன்று என இரண்டு தேவைப்படுவதாலும், பழைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் ஒன்றே இருப்பதாலும், ஒரு கிகாபிட் லேன் கார்டு வாங்கிச் செருக வேண்டியிருக்கும். அது பிசிஐ எக்ஸ்பிரஸ் வகையாக இருக்கட்டும். பழைய பிசிஐ ஸ்லாட்டுகளின் மொத்தத் திறனே பொதுவாக நொடிக்கு 133 மெகாபைட்தான்; கிகாபிட் வேகத்தில் தரவு இருபுறமும் போய்வர அது போதாது.

அடுத்து, கணினியை ரவுட்டராக இயக்கும் மென்பொருள் வேண்டும். செயலி 32 பிட் என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். இதே வகையைச் சேர்ந்த பிஎஃப்சென்ஸ், 2017இல் வந்த 2.4 பதிப்பு முதல், 32 பிட் கணினிகளில் இயங்குவதில்லை. இணைய நிறுவனத்திடம் சொல்லி ஃபைபர் மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (மோடம் தானே ரவுட்டராகச் செயல்படாமல் இணைப்பை அப்படியே கடத்தும் முறை) மாற்றியபின், அவர்கள் தரும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கணினியில் இட வேண்டும். வைஃபைக்கு, கையிலிருக்கும் பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி வழங்கும் வசதி) நிறுத்திவிட்டு, அதன் லேன் போர்ட் வழியாக இணைத்தால் போதும்.

உண்மையான செலவு மின்சாரத்தில்தான் இருக்கிறது. இடைவிடாமல் 50 வாட் இழுக்கும் கணினி மாதத்துக்கு 36 யூனிட் தின்னும். சாதாரண ரவுட்டருக்கு 10 வாட்டே அதிகம். கடலோர உப்புக்காற்றில் லேன் கார்டின் தொடுமுனைகளும் அரிக்கும் என்பதால், பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள்.