உபுண்டுவில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பல நூறு எம்பி இறங்குகிறது. இதைக் குறைக்க முடியுமா?

தாராளமாகக் குறைக்கலாம். சாஃப்ட்வேர் அப்டேட்டரில் பட்டியலை விரித்தால் ஒவ்வொரு பேக்கேஜுக்கு எதிரேயும் அதன் டவுன்லோட் அளவு தெரியும். பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பெரும் பங்கைச் சாப்பிடுவது நாலைந்துதான்: லினக்ஸ் ஃபர்ம்வேர் (வைஃபை போன்ற சாதனங்களுக்குள் ஓடும் மென்பொருள்), கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), என்விடியா டிரைவர், லிப்ரே ஆபிஸ், ஜாவா.

உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் டெப் வகைப் பேக்கேஜில் ஒரே ஒரு கோப்பு மாறியிருந்தாலும் முழுப் பேக்கேஜும் மறுபடி இறங்கும். இதிலேயே நமக்கு வழியும் இருக்கிறது. நடுவில் வரும் இரண்டு வெர்ஷன்களை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் எடுத்தால், இரண்டு முழு டவுன்லோட் மிச்சம். 24.04 போன்ற பதிப்புகளில் ஃபர்ம்வேர் பேக்கேஜ் பல நூறு எம்பி இருக்கும். அதில் பெரும்பகுதி உங்களிடம் இல்லாத வைஃபை, கிராபிக்ஸ் சாதனங்களுக்கானது. வைஃபையும் திரையும் ஒழுங்காக வேலை செய்கிறதா? அப்படியென்றால் இந்த முறை டிக்கை எடுத்துவிடுங்கள். பிரவுசர், கெர்னல், ஓப்பன் எஸ்எஸ்எல் (இணைய இணைப்பை மறையாக்கும் மென்பொருள்) மூன்றையும் மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அவற்றில் வருவது பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தம். அதில் டேட்டாவைச் சேமிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், பயன்படுத்தாததை நீக்குங்கள். தள்ளிப்போடுவதைவிட இதுதான் நல்லது. எப்போதோ ஏதோ ஒரு புரோகிராமுக்காக ஜாவா 11, 17, 21 என்று மூன்றும் ஏறியிருந்தால், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் பாதுகாப்பு வெளியீடுகளை ஒட்டி மூன்றுமே தனித்தனியாக இறங்கும். கெர்னலிலும் இதே கதை: ஜெனரிக் (வழக்கமானது), எச்டபிள்யூஇ (புதிய வன்பொருளுக்கானது) இரண்டு வரிசையும் இருந்தால் இரண்டுக்குமே அப்டேட் வரும். இப்போது ஓடுவது எந்த வரிசை என்று பார்த்துவிட்டு மற்றதை எடுத்துவிடலாம்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் நெட்வொர்க் அமைப்பில் அதை 'மீட்டர்டு' (டேட்டா அளவோடு கிடைக்கும் இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். தானாக இறங்கும் பாதுகாப்பு அப்டேட்டுகள் அப்போது காத்திருக்கும். உபுண்டுவின் இன்னொரு பேக்கேஜ் வகையான ஸ்னாப் இயல்பாக இதற்குக் கட்டுப்படாது. அதை டெர்மினலில் தனியாக ஹோல்ட் செய்ய (நிறுத்திவைக்க) வேண்டும்.

வீட்டில் ஒரே பதிப்பு உபுண்டு ஓடும் இரண்டு கணினிகள் இருந்தால், முதலாவதை டெர்மினலில் ஏபிடி-கெட் (apt-get) கட்டளை மூலம் அப்டேட் செய்யுங்கள். வெறும் ஏபிடி (apt) கட்டளை வேலை முடிந்ததும் டெப் கோப்புகளை அழித்துவிடும், ஏபிடி-கெட் அழிக்காது. வார் கோப்புறைக்குள் கேஷ், அதற்குள் ஏபிடி, அதற்குள் ஆர்க்கைவ்ஸ் (/var/cache/apt/archives) என்று போனால் அவை அங்கே இருக்கும். பென்டிரைவில் எடுத்து மற்றக் கணினியில் அதே இடத்தில் போட்டுவிட்டு அப்டேட் கொடுத்தால், அங்கே இல்லாதவை மட்டும்தான் இறங்கும்.